டெப், ஆர்பிஎம், நடுவே ஏலியன்

டெபியன் லினக்ஸில் மென்பொருள் வரும் கட்டான டெப் பொதியை நிறுவும் முன் பிரித்துப் பார்த்துவிடலாம். பூட்டு எதுவும் கிடையாது. யுனிக்ஸில் ‘ஏஆர்’ என்றொரு பழைய கருவி உண்டு. சி மொழியில் எழுதுகிறவர்கள், கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நூலகமாகக் கட்டிவைக்க இன்றும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். டெப் கோப்பும் அதே கட்டுதான். லோஹித் தமிழ் எழுத்துருவை டெபியன் ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்’ என்ற பெயரில் தருகிறது. அதை இறக்கிவைத்துக்கொண்டு முனையத்தில் ‘ஏஆர் டி’ என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் மூன்று வரிகள் வரும். முதலாவது ‘டெபியன்-பைனரி’. மொத்தமே நான்கு பைட்: 2.0 என்ற வடிவ எண், அதன்பின் ஒரு வரிமுறிவு. இரண்டாவது ‘கன்ட்ரோல்.டார்’. மூன்றாவது ‘டேட்டா.டார்’. கடைசி இரண்டின் வாலிலும் எந்த முறையில் சுருக்கினார்கள் என்று சொல்லும் ஒட்டு இருக்கும், பெரும்பாலும் எக்ஸ்இசட். அந்த எக்ஸ்இசட்டுக்கு இந்த அத்தியாயத்தில் இன்னொரு வேஷமும் உண்டு, பிறகு வருகிறேன்.

டேட்டா.டாரை விரித்தால் வேரிலிருந்து தொடங்கும் கோப்புறைகள் தெரியும்: யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ், அடியில் எழுத்துருக் கோப்பு. எது எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை அந்த வழியே சொல்லிவிடுகிறது. கன்ட்ரோல்.டாரில் கொஞ்சம் எழுத்து வேலைதான். பொதியின் பெயர், பதிப்பு எண், எந்த வகைக் கணினிக்கு, யார் பராமரிக்கிறார்கள், எதெது இருந்தால்தான் இது ஓடும், எதோடு ஒத்துப்போகாது. சில பொதிகளில் நிறுவும் முன்னும் பின்னும், நீக்கும் முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளும் இருக்கும். டேட்டா.டாரை எந்த லினக்ஸுக்குக் கொண்டுபோனாலும் அவை கோப்புகள்தான். கன்ட்ரோல்.டாரில் இருப்பதோ டெபியன் குடும்பத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பேச்சு. ஒரு பொதியை இன்னொரு வகையாக மாற்றும் வேலை சில நேரம் அரை நிமிடத்தில் முடிவதும், சில நேரம் அரை நாளை விழுங்குவதும் இந்த இரண்டாவது துண்டால்தான்.

பொதி என்ற ஏற்பாடு வருவதற்கு முன் மூலநிரலை இறக்கி, ‘மேக்’ போட்டு, ‘மேக் இன்ஸ்டால்’ போடுவதுதான் வழக்கம். நிறுவுவதில் பெரிய சிக்கல் இல்லை. ஆறு மாதம் கழித்து நீக்க நினைக்கும்போதுதான் தலைவலி. அந்த மென்பொருள் எந்தெந்த மூலையில் என்னென்ன கோப்பைப் போட்டது என்று எங்கும் குறித்து வைத்திருக்காது. 1992-ல் பீட்டர் மெக்டொனால்ட் தொகுத்த எஸ்எல்எஸ், அதிலிருந்து 1993-ல் பேட்ரிக் வோல்கர்டிங் உருவாக்கிய ஸ்லாக்வேர் இரண்டும் டார் கட்டுகளாக மென்பொருளைத் தந்தன. எஸ்எல்எஸ்ஸின் பிழைகளில் சலித்துப்போன இயன் மர்டாக் 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியனை அறிவித்தார். டெபியனில் பொதிகளை நிறுவி நீக்கும் கருவியான ‘டிபிகேஜி’ முதலில் ஷெல் ஸ்கிரிப்டாகத்தான் பிறந்தது. பிறகு பெர்லுக்குப் போய், 1994-லேயே இயன் ஜாக்சன் கையால் சி மொழிக்கு வந்தது. ரெட் ஹேட்டில் மார்க் யூயிங்கும் எரிக் ட்ரோனும் 1995-ல் தங்கள் பொதி வடிவமான ஆர்பிஎம்மைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குப் பிரிந்த இரண்டு கோடுகள் இன்னும் சேரவில்லை. டெபியன், உபுண்டு, மின்ட் ஒரு பக்கம். ஃபெடோரா, ரெட் ஹேட், சூசே இன்னொரு பக்கம். ஸ்லாக்வேர் இரண்டிலும் சேராமல், எந்தப் பொதி எதைச் சார்ந்தது என்று தானாகப் பார்க்காமலேயே காலத்தை ஓட்டிவிட்டது. அதற்கும் விடாப்பிடியான ரசிகர்கள் உண்டு.

ஆர்பிஎம் கோப்பை ‘ஏஆர்’ கொண்டு பிரிக்க முடியாது. அதன் முதல் 96 பைட் ஒரு பழைய தலைப்பு. அந்தத் தலைப்பு, பதினாறடிமான எண்ணில் பார்த்தால், ஈடி ஏபி ஈஈ டிபி என்ற நான்கு பைட்டில் தொடங்கும். இன்று அந்தத் தலைப்புக்கு, ‘இது ஆர்பிஎம் கோப்பு’ என்று அடையாளம் காட்டுவதைத் தவிர வேலை ஏதும் இல்லை. அதற்குப் பின் கையொப்பம், அதற்குப் பின் பெயரும் பதிப்பும் சார்புகளும் அடங்கிய உண்மையான தலைப்புப் பகுதி, கடைசியில் சிபிஐஓ என்ற இன்னொரு பழைய யுனிக்ஸ் வடிவத்தில் கோப்புகள். ‘ஆர்பிஎம்2சிபிஐஓ’ என்ற கருவி முன்பகுதியைச் சீவிவிட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் துப்பும். அதைக் குழாய் வழியே சிபிஐஓவுக்குக் கொடுத்தால் கோப்புகள் கைக்கு வந்துவிடும். ஒரே ஒரு படமோ எழுத்துருவோ வேண்டும் என்றால் இது போதும். மாற்ற வேண்டியதும் இல்லை, நிறுவ வேண்டியதும் இல்லை.

நிறுவல் என்பது கோப்பைக் கொட்டுவதோடு முடிவதில்லை, பதிவேட்டில் ஏற்றுவதும் சேர்ந்தது. டெபியனில் அந்தப் பதிவேடு /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம் (படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்). ஆர்பிஎம் பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தை வெகுகாலம் நம்பியிருந்தது. 2020-ல் வந்த ஃபெடோரா 33-லிருந்து எஸ்கியூலைட்டுக்கு மாறியது. பதிவேடு இருப்பதால்தான் எதிர்த்திசையிலும் கேள்வி கேட்க முடிகிறது. வட்டில் ஏதோ ஒரு கோப்பு கிடக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. டெபியனில் ‘டிபிகேஜி’யோடு பெரிய எஸ் ஒன்றைச் சேர்த்துக் கோப்பின் வழியைக் கொடுத்தால், எந்தப் பொதி போட்டது என்று பெயர் வரும். ஃபெடோராவில் ‘ஆர்பிஎம் -கியூஎஃப்’. ஆர்பிஎம்மில் எனக்கு மிகப் பிடித்தது பெரிய வி. ‘ஆர்பிஎம் -வி’ என்று ஒரு பொதியின் பெயரைக் கொடுத்தால், பதிவேட்டில் இருப்பதையும் வட்டில் இருப்பதையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் சொல்லும். எஸ் என்று வந்தால் அளவு மாறியிருக்கிறது, 5 என்று வந்தால் உள்ளடக்கத்தின் கைரேகை மாறியிருக்கிறது, டி என்றால் நேரம். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாது. சர்வரில் யாரோ கைவைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வரும் ராத்திரிகளில் முதலில் ஓட வேண்டிய கட்டளை இது.

இதுவரை பார்த்தவை தனிப் பொதிகள். ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் இயல்பே மாறுகிறது. 2023-ல் வந்த டெபியன் 12-ல் 64,000-க்கும் அதிகமான பொதிகள். ஒவ்வொன்றும் ‘எனக்கு இது வேண்டும்’, ‘இதுவோ அதுவோ ஏதாவது ஒன்று வேண்டும்’, ‘அவன் இருந்தால் நான் இருக்கமாட்டேன்’ என்று நிபந்தனை போடுகிறது. மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்று வேண்டும் என்று ஒரு பொதி கேட்கும். எக்ஸிமும் அந்த வேலையைச் செய்யும், போஸ்ட்ஃபிக்ஸும் செய்யும், ஆனால் டெபியனில் இரண்டு பொதிகளும் ஒரே கணினியில் சேர்ந்து இருக்கமாட்டா. ஒன்றைத் தேர்ந்தால் அது வேறு சிலவற்றை இழுத்துவரும், அவை இன்னும் சிலவற்றைத் தள்ளிவிடும். ஒவ்வொரு பொதியும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு மதிப்பை எடுக்கிறது. எல்லா நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் நிறைவேறும்படி மதிப்புகளைக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழைய பரிச்சயம். 2006-ல் ராபர்டோ டி காஸ்மோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஈடாஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தில், ஒரு பொதியை நிறுவ முடியுமா என்று தீர்மானிப்பது என்பி-முழுமை வகைச் சிக்கல் என்று நிறுவினார்கள். எல்லாச் சூழலிலும் விரைவாக விடை தரும் வழிமுறை எதுவும் இன்றுவரை தெரியாத வகை அது. பொதிகளைக் களஞ்சியம் என்ற பொது இருப்பிலிருந்து இறக்கி நிறுவும் டெபியன் கருவி ஆப்ட், ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று அடித்ததும் இரண்டு நொடி யோசிக்கிறதே, அந்த இடைவெளியில் நடப்பது இதுதான்.

நடைமுறையில் இவ்வளவு மோசமான புதிர்கள் அபூர்வமாகத்தான் வருகின்றன என்பதால் பிழைத்தோம். ஆப்ட் வெகுகாலம் அனுபவ விதிகளை வைத்தே சமாளித்தது. சூசே 2008-ல் இந்தத் தர்க்கச் சிக்கலுக்கென்றே எழுதிய தீர்வி ஒன்றைச் சேர்த்தது. மைக்கேல் ஷ்ரோடர் எழுதிய அந்த நூலகத்தைத்தான் ஃபெடோராவின் நிறுவல் கருவியான டிஎன்எஃப்பும் பயன்படுத்துகிறது. தீர்வி தர்க்கப்படி சரியான விடையைத் தரும். மனிதருக்கு வேண்டிய விடைதானா என்பது அதற்குத் தெரியாது. 2021 நவம்பரில் கனடாவின் யூட்யூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். களஞ்சியத்தில் அன்று பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தன. ஸ்டீம் வர வேண்டுமானால் டெஸ்க்டாப்பே போக வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. ஆபத்தான வேலை, தொடர வேண்டுமானால் ‘ஆம், சொன்னபடி செய்!’ என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுதாக அடிக்கவும் என்றும் எச்சரித்தது. அவர் அடித்தார். மறுமுறை கணினி எழுந்தபோது கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களில் பாதிப்பேர் அவரைத் திட்டினார்கள், மீதிப்பேர் லினக்ஸைத் திட்டினார்கள். ஆப்டை எழுதுகிறவர்கள் அந்த வாசலையே அடைத்தார்கள்: அத்தியாவசியப் பொதிகளை நீக்க வேண்டுமென்றால் இப்போது அதற்கென்று தனித் தெரிவைக் கட்டளையிலேயே கொடுத்தாக வேண்டும். அவர்கள் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். எச்சரிக்கையைத் தினமும் பார்க்கிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

இனி மாற்றம். உங்களிடம் இருப்பது டெபியன். வேண்டிய மென்பொருள் ஆர்பிஎம்மாக மட்டுமே கிடைக்கிறது. பழைய பிரின்டருக்கான டிரைவர், அலுவலகம் வாங்கிக்கொடுத்த ஏதோ ஒரு உரிமச் செயலி என்று இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கென்று உள்ள பெர்ல் கருவிதான் ஏலியன். கிறிஸ்டோஃப் லாமீட்டர் தொடங்கிவைத்ததை ஜோயி ஹெஸ் எடுத்து வளர்த்தார். டெப், ஆர்பிஎம், ஸ்லாக்வேரின் டார் கட்டு, சோலாரிஸின் பொதி எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து இன்னொன்றாக ஆக்கும். லினக்ஸ் வழங்கல்களுக்கெல்லாம் பொதுவான தரம் ஒன்றை எழுதியவர்கள் பொதி வடிவமாக ஆர்பிஎம்மைத் தேர்ந்தபோது, டெபியன் அந்த நிபந்தனையை ஏலியனைக் காட்டித்தான் நிறைவேற்றியது. 2015-ல் அந்தத் தரத்தின் பெரும்பகுதியை டெபியனே கைவிட்டது வேறு கதை.

ஏலியன் நன்றாக வேலை செய்யும் இடத்தை முதலில் பார்ப்போம். அதே லோஹித் தமிழ் எழுத்துரு ஃபெடோராவில் ‘லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’ என்ற பெயரில் ஆர்பிஎம்மாக இருக்கிறது. எழுத்துருவுக்கு இன்டெல் சிப்பா ஆர்ம் சிப்பா என்ற பேதம் கிடையாது. எந்த நூலகத்தையும் அது கேட்பதில்லை. ‘ஃபேக்ரூட் ஏலியன் -டி’ என்று கொடுத்துக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் டெப் வந்துவிடும். முன்னால் நிற்கும் ஃபேக்ரூட், நாம் ரூட்டாக (முழு அதிகாரம் கொண்ட பயனராக) இல்லாமலேயே கோப்புகளின் உடைமையாளர் ரூட் என்று கட்டுக்குள் எழுத வைக்கும் செல்லமான பொய். நிறுவியதும் எழுத்துரு /யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ் அடியில் போய் உட்காரும். துணைக் கோப்புறையின் பெயர் டெபியன் வழக்கத்திலிருந்து வேறுபட்டிருக்கும், அதனால் கெடுதல் இல்லை. எழுத்துருக்களைத் தேடும் நிரல் உள்ளே உள்ளே போய்த் தேடும். அந்தக் கோப்புறையில் எது வந்து விழுந்தாலும் தன்னை எழுப்பச் சொல்லி டெபியனின் எழுத்துரு மேலாண்மைப் பொதி ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பதால், எழுத்துருப் பட்டியலும் தானாகப் புதுப்பிக்கப்படும். அரை நிமிட வேலை என்றேனே, அது இதுதான்.

ஆனால் டெபியனின் சொந்த லோஹித் பொதியும் உங்கள் கணினியில் இருந்தால்? இரண்டும் ஒரே பொருள் என்று டிபிகேஜிக்குத் தெரிய வழியில்லை. பெயர் வேறு, வழி வேறு; எனவே சண்டையும் இல்லை. இரண்டும் சேர்ந்து குடியிருக்கும். புதிய பதிப்பு வந்தால் ஒன்றுக்கு மட்டும் வரும், மற்றது அப்படியே கிடக்கும்.

எழுத்துருவை விட்டு ஓடும் நிரலுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. வீடு மாறும்போது சாமானை ஒரே லாரியில் ஏற்றிவிடலாம். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பால் கணக்கு எல்லாம் லாரியில் ஏறாது. ஃபெடோராவில் அப்பாச்சி வலைச் சர்வரின் பொதி ‘எச்டிடிபிடி’, அமைப்புக் கோப்புகள் /ஈடிசி/எச்டிடிபிடி அடியில், ஓடுவது ‘அப்பாச்சி’ என்ற பயனராக. டெபியனில் பொதி ‘அப்பாச்சி2’, அமைப்பு /ஈடிசி/அப்பாச்சி2 அடியில், பயனர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. சர்வரோடு சேர்ந்து ஓட வேண்டிய ஒரு செருகலை மாற்றிக் கொண்டுவந்தால், அது டெபியனில் இல்லாத கோப்புறையில் தன் அமைப்பை வைத்துவிட்டு, இல்லாத பயனரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கும். 64 பிட் நூலகங்களை ஃபெடோரா /யூஎஸ்ஆர்/லிப்64-ல் வைக்கிறது. டெபியனோ /யூஎஸ்ஆர்/லிப் அடியில், சிப்பின் வகையைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் வைக்கிறது. ஏலியன் அந்த நூலகங்களை இடம்மாற்றாது, ஆர்பிஎம் சொன்ன இடத்திலேயே போடும். நிரலைக் கூப்பிட்டால் நூலகம் கிடைக்கவில்லை என்று முனகலாம். ‘எல்டிடி’ என்ற கட்டளைக்கு நிரலின் பெயரைக் கொடுத்தால் எதெது கிடைக்கவில்லை என்ற பட்டியல் வரும். தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சார்புகளை ஏலியன் மொழிபெயர்ப்பதில்லை. ஃபெடோராவின் ‘ஓபன்எஸ்எஸ்எல்-டெவெல்’ டெபியனில் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 64,000 பெயருக்கு அகராதி தயாரித்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் திருத்திக்கொண்டிருக்க ஆள் எங்கே? பதிலாக, நிரல் எந்தெந்தப் பகிர்வு நூலகங்களைக் கேட்கிறது என்று டெபியன் கருவிகளை வைத்துத் துழாவி, கண்டதை மட்டும் எழுதும். நிரல் ஓடும்போது கூப்பிடும் ஒரு பைத்தான் தொகுதியோ வெளிக் கட்டளையோ அந்தத் துழாவலில் சிக்காது. நிறுவும் முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்டுகளை ஏலியன், கேட்டாலொழிய, கொண்டுவருவதும் இல்லை. கருவியின் குறையென்று சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அது நிதானமாகப் படுகிறது. அந்த ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தில் ஓடுபவை, வேறொரு வழங்கலின் நிலவரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

உள்ளே இருக்கும் பைனரியையும் ஏலியன் தொடாது. சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2021-ல் வந்த 2.34 பதிப்பில், நிரல் தொடங்கும் அடையாளத்துக்கே புதுப் பதிப்பு எண் கொடுத்தது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-ல் இருப்பது அந்த 2.34. டெபியன் 11-ல் இருப்பது 2.31. அந்த ரெட் ஹேட்டில் கம்பைல் ஆன சாதாரண நிரலை எவ்வளவு அழகாக டெப்பாக மாற்றினாலும் டெபியன் 11-ல் முதல் அடியே எடுத்துவைக்காது. அதற்காக ஜிலிப்சியையும் சேர்த்து மாற்றிப் போட்டுவிடலாம் என்று தோன்றினால் கணினியை அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவது உத்தமம். எதை நீக்கினால் கணினியே விழுந்துவிடுமோ, அதை ஏலியன் வழியாக மாற்றாதீர்கள் என்று ஏலியனின் கையேடே எச்சரிக்கிறது.

ஒரே குடும்பத்துக்குள்ளும் தகராறு உண்டு. உபுண்டு 21.10-லிருந்து தன் டெப்களை இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கத் தொடங்கியது. டெபியன் 11-ன் டிபிகேஜிக்கு அந்த முறை தெரியாது. அதே மூன்று துண்டுகள், வாலில் உள்ள ஒட்டு மட்டும் வேறு, ஆனால் திறக்காது.

கையொப்பம் என்னாகிறது என்பதை மாற்றுகிறவர்கள் அனேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஆர்பிஎம்மில் கையொப்பம் ஒவ்வொரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. டெபியன் வழக்கப்படி, தனி டெப்பில் கையெழுத்து இருக்காது. களஞ்சியத்தின் பட்டியலில் இருக்கும், பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் இருக்கும். மாற்றிய பொதிக்கு இரண்டும் இல்லை. ஆகவே ஆர்பிஎம் கோப்பின் கையொப்பத்தைச் சோதித்த பிறகே மாற்ற வேண்டும். மாற்றிய பின் சோதிக்க எதுவும் மிஞ்சாது.

எக்ஸ்இசட்டின் இன்னொரு வேஷம் இங்கேதான். 2024 மார்ச் 29 அன்று ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப்போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதை வெளியிட்டார். பொதிகளைச் சுருக்கும் கருவிக்குள்ளேயே விஷம். அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது அந்தக் கள்ள ஸ்கிரிப்டின் முன்சோதனை. கட்டப்படுவது டெபியன் பொதியா என்று ஒரு கோப்பைத் தேடிப் பார்க்கும், அல்லது ஆர்பிஎம் கட்டும் சூழலா என்று ஒரு மாறியைப் பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். மூலநிரலை இறக்கித் தன் கையால் ‘மேக்’ போட்டுப் பார்க்கிறவர் கண்ணில் எதுவும் படாது. எஸ்எஸ்எச்சுக்குள் எக்ஸ்இசட்டின் நூலகம் நுழைந்ததே வழங்கல்கள் தங்கள் வசதிக்குச் செய்த ஓர் ஒட்டு வேலையால்தான். எஸ்எஸ்எச்சின் மூல ஆசிரியர்கள் அதைக் கேட்டதே இல்லை. அந்தத் தாக்குதலை எழுதியவர் டெப்பும் ஆர்பிஎம்மும் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை நம்மில் பலரைவிட நன்றாகப் படித்திருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஏலியனை ஒரே மூச்சில் ஓட விடாமல் ‘-ஜி’ என்ற தெரிவைக் கொடுக்கலாம். பொதியைக் கட்டாமல், கட்டுவதற்குத் தயாரான கோப்புறையை மட்டும் உருவாக்கித் தரும். அதற்குள் ‘டெபியன்’ என்ற உள்கோப்புறையில் கன்ட்ரோல் கோப்பு இருக்கும். துழாவலில் தப்பிய சார்புகளை அங்கே கையால் எழுதலாம். எழுத்துரு உதாரணத்தில், டெபியனின் லோஹித்தோடு சேர்ந்து இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். பதிப்பு எண்ணையும் ஒருமுறை பாருங்கள். ஏலியன் தானாகவே வெளியீட்டு எண்ணில் ஒன்றைக் கூட்டும்: 2.5-1 என்பது 2.5-2 ஆகிவிடும். பழைய எண்ணே வேண்டுமானால் ‘-கே’. பிறகு கட்டி, ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்பதன் பின் கோப்பின் வழியைக் கொடுத்தால், விட்டுப்போன சார்புகளையும் அதுவே களஞ்சியத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். நேராக டிபிகேஜியிடம் கொடுத்தால் இல்லாததைச் சொல்லிவிட்டுப் பாதியில் நின்றுவிடும்.

இப்படி வந்த பொதிகளை ஆப்ட் மறப்பதில்லை. நிறுவியவற்றின் பட்டியலைக் கேட்டால், எந்தக் களஞ்சியத்திலும் இல்லாத பொதியின் பக்கத்தில் ‘லோக்கல்’ என்று குறித்திருக்கும். ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் லிஸ்ட் --எக்ஸ்ட்ராஸ்’ இதே வேலையைச் செய்யும். பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இவற்றுக்குத் தானாக வராது. டெபியன் 12-லிருந்து 13-க்கு ஏறும் நாளில் முதலில் திறக்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.